அந்தப் படத்தில் இருப்பது ஒருத்தருடைய அப்பா

இரண்டு நாளாக அந்தப் படம் சுற்றுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்லறையிலிருந்து எடுத்து நிறுத்திய ஒரு பெரியவரின் காய்ந்த உடம்பு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, உதட்டில் சிகரெட். பக்கத்தில் நடுத்தர வயது ஆள் ஒருவர் அவருக்குச் சட்டை பட்டன் போட்டுவிடுகிறார். அதைப் பகிர்ந்தவர் மேலே அவர்களைக் கேலி செய்து ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை இங்கே திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை. சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் என் நண்பர்கள் மட்டும் 14 பேர். இரண்டு பேர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

அங்கேயே ஒரு வரி எழுதினேன், "அது ஒருத்தருடைய அப்பா" என்று. "உங்களுக்குச் சொந்தமா சார்?" என்று பதில் வந்தது. அதற்கும் சிரிப்பு. நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. கமெண்டில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த மக்கள் தொராஜா. இந்தோனேசியாவில் சுலவேசித் தீவின் மலைப்பகுதிக்காரர்கள். பெரும்பாலானோர் இப்போது கிறிஸ்தவர்கள். மூச்சு நின்றதும் ஆள் போய்விட்டதாக அங்கே கணக்கில்லை. இறுதிச் சடங்கு முடிகிற வரைக்கும் அவர் 'தொ மக்குலா', அதாவது நோயாளி. வீட்டிலேயே கிடத்தி வைத்திருப்பார்கள். வேளாவேளைக்குச் சோறும் காப்பியும் பக்கத்தில் போகும். சடங்குக்கு எருமை வாங்கப் பணம் சேர வேண்டும், வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வந்து சேர வேண்டும். அதுவரை மாதக்கணக்கில், சில வீடுகளில் வருசக்கணக்கில் அவர் நோயாளிதான். உடம்பு கெடாமல் இருக்க இப்போது ஃபார்மலின் ஊசி போடுகிறார்கள். அடக்கம் முடிந்து சில வருசம் கழித்து, அறுவடை முடிந்த ஆகஸ்ட் வாக்கில், பெட்டியைத் திறந்து வெளியே எடுக்கிறார்கள். தூசி தட்டி, வெயில் காட்டி, பழைய துணியைக் கழற்றிப் புதுத் துணி உடுத்துகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் திரும்பவும் உள்ளே வைக்கிறார்கள். மாநேனே என்று அதற்குப் பெயர். அந்தப் படம் அப்படி எடுத்ததுதான்.

புதுத் துணி உடுத்துகிறார்கள் என்பதில் கொஞ்சம் நில்லுங்கள்.

தீபாவளிக்கு உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? எங்கள் விருதுநகர்ப் பக்கம், வீட்டில் தவறிப்போன பெரியவர்களுக்கு வேட்டி சட்டையும் சேலையும் எடுப்போம். ஓரத்தில் மஞ்சள் தடவி மணைப்பலகையில் வைப்போம். தலைவாழை இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் பரிமாறி, சாம்பிராணி போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்போம், அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று. சின்ன வயதில் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்து ஆச்சியிடம் முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். "தாத்தா கூச்சப்பட்டுக்கிட்டுப் போயிருவாரு" என்றாள் ஆச்சி. அவளுக்கு அது விளையாட்டு இல்லை. தாத்தாவின் இலையோரம் சுருட்டும் தீப்பெட்டியும் இருக்கும்.

அவர்கள் துணியை உடம்பில் போடுகிறார்கள், நாம் பலகையில் வைக்கிறோம். அவர்கள் சிகரெட்டை உதட்டில் வைக்கிறார்கள், நாம் இலையோரத்தில் வைக்கிறோம். அப்படியிருக்க, உங்களுக்குச் சிரிப்பு எந்த இடத்தில் வந்தது?

"நாம் வைப்பது சும்மா அடையாளத்துக்கு. அவர்கள் பிணத்தையே எடுக்கிறார்கள், அது வேறு" என்று ஒருவர் இன்பாக்ஸில் சொன்னார். சரி, வேறுதான். ஆனால் அவர்கள் மட்டும்தானா எடுக்கிறார்கள்? மெக்சிகோவில் காம்பெச்சே மாநிலத்தில் போமுச் என்று ஒரு ஊர் இருக்கிறது, மாயா மக்கள் வாழும் ஊர். அங்கே புதைத்து மூன்று வருசம் ஆனதும் எலும்பை எடுத்து ஒரு மரப்பெட்டியில் வைக்கிறார்கள். வருசா வருசம் நவம்பர் பிறப்பதற்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் கல்லறைக்குப் போய், சின்ன பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு எலும்பாகத் துடைத்து, பூவேலை செய்த புதுத் துணியைப் பெட்டியில் விரித்து அடுக்கிவிட்டு வருகிறார். துடைக்கும்போது வீட்டுச் செய்தியெல்லாம் சொல்கிறவர்களும் உண்டு. பழைய துணியோடு விட்டுவிட்டால் அம்மாவை அழுக்குச் சேலையோடு உட்கார வைத்த மாதிரி. மடகாஸ்கரில் மெரினா, பெட்சிலேயோ என்கிற இன மக்கள் ஐந்தாறு வருசத்துக்கு ஒரு தடவை குடும்பக் கல்லறையைத் திறந்து, சுற்றியிருக்கும் துணியின் மேல் புதுப் பட்டுத் துணி சுற்றி, தோளில் தூக்கிக்கொண்டு மேளத்தோடு ஆடுகிறார்கள். ஃபமதிகானா என்பது அதன் பெயர். ஜப்பானில் தகனம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் நீளமான குச்சிகளால் எலும்பை எடுத்துக் கலசத்தில் வைக்கிறார்கள், கால் பக்கத்திலிருந்து தொடங்கி, ஆள் தலைகீழாகிவிடக் கூடாதே என்று. அந்தக் கவனத்தைப் பாருங்கள்!

மெக்சிகோவில் அந்த நாட்களில் வீட்டுப் படையலிலிருந்து கல்லறை வரை நிறைப்பது எந்தப் பூ தெரியுமா? நம் துலுக்கச் சாமந்தி. செண்டுமல்லி. அது அந்த நாட்டுப் பூ, அங்கிருந்துதான் உலகமெல்லாம் போனது. நிலக்கோட்டை மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக வாங்கி நம் வீட்டுப் பெரியவர் படத்துக்கு நாம் போடுகிற மாலையும் அதே பூதான்.

இனி, எனக்கு வரப்போகிற பதில்கள் தெரியும்.

"நோய் பரவுமே?" நியாயமான கேள்வி. 2017ல் மடகாஸ்கரில் பிளேக் பரவியபோது, பிளேக்கில் இறந்தவர்களைத் திரும்பத் திறக்கிற மாதிரியான கல்லறையில் வைக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. சரியாகத்தான் சொன்னது. ஆனால் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் ஒருவராவது சுகாதாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டுப் போட்டாரா? அந்தப் பதிவில் நோய் என்ற சொல்லே கிடையாது.

"எருமை வாங்கிக் கடனாளி ஆகிறார்களே?" ஆகிறார்கள். உண்மைதான். கடன் வாங்கிப் பதினாறாம் நாள் விருந்து போட்ட வீடு நம் தெருவிலும் உண்டு. அதைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

"செத்தவன் சாப்பிடுவானா, சட்டை போடுவானா? பகுத்தறிவு வேண்டாமா?" இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் அவர்களில் பலர் நான் மதிக்கிறவர்கள். மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிடத்தில் கல்லில் காதை வைத்து, அவர் கட்டியிருந்த வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் இறந்தது 1987ல். வாட்ச் ஓடாது என்று அந்த அம்மாக்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் காதை வைக்கிறார்கள். தொராஜாக்காரருக்கும் தெரியும், அப்பா இழுத்துப் புகைவிடப் போவதில்லை என்று. நம் ஔவையாருக்கும் தெரிந்திருந்தது. அதியமான் போன பிறகு புறநானூற்றில் 232ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். கேட்டாரே தவிர, ஊற்றியவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவன் இல்லாத காலையும் மாலையும் எனக்கு வேண்டாம் என்றுதான் அந்தப் பாட்டே தொடங்குகிறது. சங்க காலத்துக்குப் பெருமைப்படுகிற நாம், கல்லுக்குக் கள் வைத்தவர்களின் பிள்ளைகள். உதட்டில் சிகரெட் வைத்தால் மட்டும் அநாகரிகமாகிவிடுகிறதா?

நவம்பர் 2ஆம் தேதி எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பாருங்கள். முதல் நாளே வெள்ளையடித்து, செண்டுமல்லி இதழைச் சிலுவை மாதிரி பரப்பி, சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். நானும் போய் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனின் அம்மாவுக்கு ஒரு மெழுகுவத்தி வைத்துவிட்டு வருவேன். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மனைவி கேட்டாள். கேட்டபோது பதில் சொல்லவில்லை.

2021 மே மாதம். அப்பா பருப்பு மில்லில் கணக்கெழுதியவர். வாழ்நாள் முழுக்க வெள்ளை அரைக்கைச் சட்டை, நாலு முழ வேட்டி. சட்டையில் பை இல்லை என்றால் வாங்கவே மாட்டார். பேனா, கண்ணாடி, மடித்த துண்டுச் சீட்டு, பீடிக்கட்டு எல்லாம் அந்தப் பைக்குள்தான். ஆஸ்பத்திரியில் 11 நாள் இருந்தார். ராத்திரி போன் வந்தது. போனோம். பைக்குள் வைத்து மூடிவிட்டார்கள். துணிப் பையில்லை, பிளாஸ்டிக். முகத்தை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள் என்று கேட்டேன். கவச உடுப்புக்குள் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. "முடியாதுண்ணே, மன்னிச்சிருங்க" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அவன் எத்தனை பையை மூடினானோ.

ஊரடங்கு. கடையெல்லாம் அடைப்பு. அப்படியும் என் தாய்மாமன் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, பின்வாசல் வழியாகக் கோடி வேட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மச்சானுக்குக் கோடி போடாமல் எப்படி அனுப்புவது? சுடுகாட்டில் 20 அடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். மாமா அந்தக் கட்டைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் போக விடவில்லை. பையோடு வைத்தார்கள். கோடி திரும்ப வீட்டுக்கு வந்துவிட்டது. காரியத்தன்று யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொன்னார்கள், அம்மா கேட்கவில்லை. இன்றைக்கும் அது மடிப்புக் கலையாமல் பீரோவில், அவள் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது.

நண்பர்களே, என் அப்பாவுக்கு நான் கடைசியாக ஒரு துணி போட்டுவிடவில்லை. முகம் பார்க்கவில்லை. அந்தப் படத்தில் இருக்கிற மனிதர் தன் அப்பாவுக்குப் பட்டன் போட்டுவிடுகிறார். நீங்கள் அதில் பிணத்தைப் பார்த்தீர்கள். நான் பார்த்தது அந்த மகனுடைய விரல்களை. எவ்வளவு பதமாகப் பிடித்திருக்கிறார் தெரியுமா? தூங்குகிற குழந்தைக்குப் போட்டுவிடுகிற மாதிரி. எனக்கு அப்படி ஒரு நாள் கிடைக்குமென்றால் எந்த மலைக்கு வேண்டுமானாலும் ஏறிப் போவேன். யார் என்ன பெயர் வைத்துச் சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும்.

"இது உணர்ச்சிவசப்பட்ட பதிவு, வாதம் இல்லை" என்பீர்கள். உணர்ச்சிதான். சாவைப் பற்றி வேறு எதை வைத்துப் பேசுவது?

அந்தப் பதிவைப் போட்டவருக்கு ஒன்றே ஒன்று. நீங்கள் மோசமானவர் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவின் நினைவு நாளுக்கு வருசா வருசம் படம் போட்டு நாலு வரி எழுதுகிறீர்கள். நானும் கீழே கைகூப்பிவிட்டுப் போகிறேன். அந்தப் படத்தைக் கண்காணாத ஊரில் ஒருவன் எடுத்து, செத்தவர்களிடம் பேசுகிற பைத்தியங்கள் என்று போட்டுச் சிரித்தால் எப்படி இருக்கும்? அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். எடுத்துவிட்டால் போதும்.

தீபாவளிக்கு அம்மா இப்போதும் அப்பாவுக்கு 42 சைஸில்தான் சட்டை எடுக்கிறாள். கடைப் பையன் எடுத்துப் போட்டதும் பை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். படைத்த பிறகு நான்தான் போட்டுக்கொள்வேன். எனக்கு 40 சைஸ். தோளில் தொங்கும். இதுவரை மாற்றி எடுக்கச் சொன்னதில்லை.

இன்று காலை அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். பயந்துவிடுவாளோ என்று முதலில் விவரமெல்லாம் சொன்னேன், எந்த ஊர், என்ன வழக்கம் என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பட்டன் போடுறது மகனா?"

"ஆமாம்மா."

"சட்டை லூசா இருக்குய்யா. ஆளு இளைச்சுப் போயிருப்பாருல்ல, இவங்க பழைய அளவுக்கே எடுத்திருக்காங்க" என்றாள்.