ட்ரிக்கர் ஸ்டாக்கில் ஏறிய பிறகு கிரீச்சரைக் கொன்று என்ன பயன்?

மேஜிக்: த கேதரிங் கார்டு ஆட்டத்தில் ரிமூவல் கார்டுகள் (எதிராளியின் கிரீச்சரை, அதாவது போரிடும் உயிரினத்தை, அழிப்பவை) அதிகம் வீணாவது ஒரே இடத்தில்தான். எதிராளி மல்டிரிஃப்டர் என்ற கிரீச்சரை இறக்குகிறார். உள்ளே வந்ததும் இரண்டு கார்டு எடுக்கும் ட்ரிக்கர் (தானாகக் கிளம்பும் அபிலிட்டி) ஸ்டாக்கில் ஏறுகிறது. ஸ்டாக் என்பது ஸ்பெல்லும் அபிலிட்டியும் காத்திருக்கும் அடுக்கு, மேலே கடைசியாக ஏறியதுதான் முதலில் ரிசால்வ் ஆகும், அதாவது நிறைவேறும். ரிமூவல் வைத்திருப்பவர் "ரெஸ்பான்ஸ்!" என்று 3 டேமேஜ் தரும் லைட்னிங் போல்ட்டை அடிக்கிறார். கிரீச்சர் காலி. எதிராளியோ நிதானமாக இரண்டு கார்டை எடுத்துக்கொள்கிறார். வில்லை முறித்துப் போட்டால் எய்த அம்பு திரும்பி வராது. ஸ்டாக்கில் ஏறிவிட்ட அபிலிட்டிக்கும் அது கிளம்பிய கார்டுக்கும் அப்புறம் ஒட்டுமில்லை உறவுமில்லை.

கவுண்டர்ஸ்பெல்லும் கைகொடுக்காது, அது ஸ்பெல்லைத்தான், அதாவது போடப்படும் கார்டைத்தான் தடுக்கும். ட்ரிக்கரையே தடுக்க ஸ்டைஃபில் மாதிரி ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அப்படியானால் ரெஸ்பான்ஸ் பண்ணவே கூடாதா? தாராளமாகப் பண்ணலாம். ஆனால் இந்த ட்ரிக்கர் ரிசால்வ் ஆகும்போது எதைத் தேடும் என்று கார்டைப் படித்துவிட்டுப் பண்ணுங்கள். ஒரே ஒரு டார்கெட்டைத் தேடுகிறதா? அந்த டார்கெட் அங்கே இல்லாமல் போனால் ட்ரிக்கர் புஸ். நிபந்தனையைத் தேடுகிறதா? ஃபெலிடார் சாவரின் என்ற கிரீச்சர், அதை வைத்திருப்பவரின் அப்கீப் (டர்னின் ஆரம்பக் கட்டம்) தொடக்கத்தில் அவருக்கு 40 லைஃப் இருக்கிறதா என்று பார்க்கும், ரிசால்வ் ஆகும்போது இன்னொரு தடவையும் பார்க்கும், இருந்தால் அவருக்கே வெற்றி. எதிராளி 41-இல் இருக்கிறார், ட்ரிக்கர் ஸ்டாக்கில் இருக்கிறது. இப்போது அவர் முகத்தில் ஒரு போல்ட் அடித்தால் 38. வெற்றி கைநழுவிப் போகும். அதே போல்ட்டை சாவரின் மேல் அடித்திருந்தால் அதன் டஃப்னஸ் (தாங்கும் சக்தி) 6, கீறல்கூட விழாது.

டைமிங் முழுசாகப் புரிய வேண்டுமென்றால் ப்ரவெஸைப் பாருங்கள், அதாவது கிரீச்சர் அல்லாத ஸ்பெல் போடும்போதெல்லாம் அந்த டர்ன் முடியும்வரை +1/+1 தரும் ட்ரிக்கரை. ப்ரவெஸ் உள்ள மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் 1/2 (பவர் 1, டஃப்னஸ் 2). எதிராளி கிரீச்சர் அல்லாத ஸ்பெல் ஒன்றைப் போட்டதும் ப்ரவெஸ் ட்ரிக்கர் அந்த ஸ்பெல்லுக்கு மேலே போய் உட்காரும். அது ரிசால்வ் ஆவதற்குள் ஷாக் அடித்தால் 2 டேமேஜில் செத்துப்போகும். ரிசால்வ் ஆகட்டும் என்று விட்டால் 2/3, ஷாக் வீண். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எதிராளியிடம் டேப் ஆகாத (இன்னும் மேனாவுக்குப் பயன்படுத்தாத) லேண்டும் கையில் இன்ஸ்டன்ட்டும் (ரெஸ்பான்ஸாகப் போடக்கூடிய ஸ்பெல்) இருந்தால், ஷாக்குக்கு மேலே இன்னொரு ஸ்பெல் வரும், கூடவே புது ப்ரவெஸ் ட்ரிக்கரும் வரும், அது முதலில் ரிசால்வ் ஆகி ஸ்விஃப்ட்ஸ்பியரைக் காப்பாற்றிவிடும். அதனால் அவர் மேனா (ஸ்பெல் போடச் செலவழிக்கும் ஆற்றல்) தீர்ந்திருக்கும் நேரம் பார்த்து அடிப்பதே புத்திசாலித்தனம்.

ரெஸ்பான்ஸ் நம் தலையிலேயே விடிவதும் உண்டு. உள்ளே வந்ததும் ஒரு கார்டை எக்ஸைல் செய்து (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கி), தான் வெளியேறும்போது திருப்பித் தரும் ஆப்ளிவியன் ரிங் நம் கிரீச்சரைக் குறிவைத்திருக்கிறது, ட்ரிக்கர் இன்னும் ஸ்டாக்கில். அவசரப்பட்டு ரிங்கை உடைத்தால், அது வெளியேறும் ட்ரிக்கர் மேலே ஏறி முதலில் ரிசால்வ் ஆகும். திருப்பிக் கொடுக்க அப்போது எதுவுமே இல்லை. பிறகு முதல் ட்ரிக்கர் ரிசால்வ் ஆகி நம் கிரீச்சரை நிரந்தரமாக எக்ஸைல் செய்யும். அது ரிசால்வ் ஆன பிறகு ரிங்கை உடைத்திருந்தால் கிரீச்சர் திரும்பி வந்திருக்கும். பானிஷிங் லைட்டில் கதை தலைகீழ். ட்ரிக்கர் ரிசால்வ் ஆகும் முன்பே லைட் போய்விட்டால் நம் கிரீச்சர் இருந்த இடத்திலேயே இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே கார்டு மாதிரி, எழுதியிருக்கும் விதம்தான் வேறு.

ட்ரிக்கரை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ட்ரிக்கர், ரெண்டு கார்டு" என்று ஒரே மூச்சில் சொல்லி எடுத்துவிடாதீர்கள். டார்கெட் இருந்தால் ஸ்டாக்கில் வைக்கும்போதே சொல்லுங்கள், எதிராளி "ஓகே" என்ற பிறகு ரிசால்வ் செய்யுங்கள். எதிராளிக்கும் ப்ரையாரிட்டி (ரெஸ்பான்ஸ் பண்ணும் உரிமை) உண்டு.

க்ளோன் மாதிரி கார்டுகளில் இதெல்லாம் செல்லாது. எதைக் காப்பி அடிப்பது என்பது ட்ரிக்கரே இல்லை, உள்ளே வரும்போதே நடக்கும் தேர்வு. "எதைக் காப்பி அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அதைக் கொல்ல முடியாது. க்ளோன் ஸ்பெல்லாக ஸ்டாக்கில் இருக்கும்போதே, அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நாமாக ஊகித்து அடிக்க வேண்டியதுதான்.