கடைசி வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பிறை, பட்டர்வொர்த், பாகான் டாலாம் பக்கம் தொடக்கப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளை உள்ள பெற்றோர் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான். "டீச்சர், எந்த இடைநிலைப்பள்ளி நல்லது?" தேசிய இடைநிலைப்பள்ளிகளில் வரலாறும் தமிழும் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் கேட்கிறார்கள். கூடவே இரண்டு கணக்கையும் கையில் வைத்திருப்பார்கள்: போன எஸ்.பி.எம்.மில் (இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டான ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசுத் தேர்வு) எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தார்கள், நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள். இவற்றை வைத்து ஒரு பள்ளியை எடைபோட என்னால் முடியவில்லை. நான் முதலில் பார்ப்பது அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பை.

பல பள்ளிகளில் இன்றும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் வகுப்பு பிரிக்கிறார்கள். வகுப்புக்குப் பூவின் பெயரையோ ரத்தினத்தின் பெயரையோ வைத்தாலும், எது முதல் வகுப்பு, எது கடைசி வகுப்பு என்பது பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். திங்கட்கிழமை சபைகூடலில் எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து தேசிய கீதமான நெகாராகூ பாடுகிறார்கள், தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா சொல்கிறார்கள். மணி அடித்ததும் பிரிந்துவிடுகிறார்கள். டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாடிக்கு. அப்பா அம்மா இருவரும் பிறை தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு மாடிக்கு. அந்த இரண்டாவது மாடியில் ஏழை மலாய்ப் பையன்களும் இருக்கிறார்கள், நம் பையன்களும் நிறைய இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பல இனப் பள்ளி. உள்ளே வசதி உள்ளவருக்கு ஒன்று, இல்லாதவருக்கு ஒன்று என்று இரண்டு பள்ளி நடக்கிறது.

இது ஏன் இந்த வயதில் இவ்வளவு முக்கியம்? கல்வி அமைச்சின் 2013–2025 கல்வி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2011-இல் தொடக்கப்பள்ளி போகும் சீனப் பிள்ளைகளில் 96 விழுக்காட்டினர் சீனப்பள்ளியில், இந்தியப் பிள்ளைகளில் 56 விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளியில். தமிழ்ப்பள்ளியை நான் குறை சொல்லவே மாட்டேன், என் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். ஆனால் இந்தக் கணக்குப்படி நம் நாட்டில் ஏராளமான பிள்ளைகள் வேற்று இனத்துப் பிள்ளையோடு ஒரே மேசையில் உட்காருவது பதின்மூன்று வயதில்தான் முதல் தடவையாக நடக்கிறது. அந்த முதல் ஆண்டில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை விதியிடமும் மதிப்பெண்ணிடமும் விட்டுவிடக் கூடாது.

மொழியும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் மலாய் ஒரு பாடம். இடைநிலைப்பள்ளியில் ஏறக்குறைய எல்லாப் பாடமும் மலாயில். ஆறு வருடம் தமிழில் அறிவியல் படித்த பிள்ளை, அதே அறிவியலை மலாயில் கேட்டு வாயடைத்துப் போய் உட்கார்ந்திருக்கும். அதற்குத்தான் முதலாம் படிவத்துக்கு முன்னால் மலாயைப் பலப்படுத்தும் ஒரு வருடப் புகுமுக வகுப்பு என்று ஒன்று உண்டு. ஒரு வருடம் வீணாகிறதே என்று பெற்றோர் சங்கடப்படுகிறார்கள். நல்ல ஆசிரியரைப் போட்டு நடத்தினால் அந்த ஒரு வருடம் பிள்ளைக்குப் பெரிய பலம். யாருக்கு நேரம் இருக்கிறதோ அவரைப் போட்டு ஒப்பேற்றினால், பிள்ளை அங்கிருந்து நேராகக் கடைசி வகுப்புக்குத்தான் போகும்.

எஸ்.பி.எம்.மில் மலாயில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. 2013 முதல் வரலாற்றிலும் தேறியாக வேண்டும். மற்ற பாடத்தில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சரி. நான்காம் படிவத்தில் மலாய் வாக்கியம் எழுதத் தடுமாறும் பையன் வரலாற்றுத் தாளில் என்ன எழுதுவான்? ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 அடுத்த ஆண்டிலும் நிறுத்தப்பட்டபோது பிள்ளைகளின் சுமை குறைந்தது, அது நல்லதுதான். ஆனால் பிள்ளை பின்தங்குவதை வீட்டுக்குச் சொல்லும் மணியும் போய்விட்டது. ஐந்தாம் படிவத்தில் அதிர்ச்சி அடைந்து என்ன பயன்?

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது அந்தக் காலத்துப் பள்ளிகளைச் சொல்வார்கள். 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் திரைக்கலைஞர் பி.ரம்லீயும் படித்தார்கள், கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் தொழிலதிபர் ஆனந்தகிருஷ்ணன் படித்தார், அங்கே இனம் யாருக்கும் தெரியாது என்பார்கள். பெருமைதான். ஆனால் தோட்டத்து லயத்தில் இருந்த பால்மரத் தொழிலாளியின் பிள்ளையில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்தார்கள்? பெரும்பாலோருக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு முடிந்தது. இன்று சாதாரண வட்டாரப் பள்ளியின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கெட்டிக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு ஒற்றுமையாக இருப்பதைவிட இது கடினமான வேலை, பெரிய வேலையும்கூட.

சரி, என்னதான் செய்யலாம்? 1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்தில், கறுப்பின, வெள்ளை, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது தினமும் சண்டை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு பகுதியை மட்டும் கொடுப்பார்கள். அவன் சொன்னால்தான் மற்றவர்களுக்கு அந்தப் பகுதி தெரியும். அவனைக் கேலி செய்தால் நமக்குத்தான் நட்டம்.

மலாக்கா சுல்தானியப் பாடத்தில் நான் இதைச் செய்திருக்கிறேன். மலாக்காவில் வெவ்வேறு நாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குழுவில் நால்வருக்கும் ஆளுக்கு ஒரு ஷாபண்டார். வாயே திறக்காத ஒரு தமிழ்ப் பெண்ணுக்குச் சீனா, சம்பா நாட்டு வணிகர்களின் பகுதி. சீனப் பையனுக்குத் தென்னிந்திய வணிகர்களின் பகுதி. வேண்டுமென்றே மாற்றித்தான் கொடுத்தேன். அவள் முதலில் திக்கித் திணறினாள். எதிரில் இருந்த மலாய்ப் பையன் வார்த்தை எடுத்துக் கொடுத்தான், ஏனென்றால் அவனுக்கு அந்தக் குறிப்பு தேவை. அடுத்தடுத்த வாரங்களில் அவள் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். மாணவர் ஒருமைப்பாட்டுக்கு ரிமுப் என்ற திட்டம் 1985-இலிருந்தே இருக்கிறது. அதன் பெயரில் பாரம்பரிய உடை போட்டு, சேர்ந்து சாப்பிட்டு, படம் எடுத்து ஒரு நாள் நிகழ்ச்சி நடத்துவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவனுக்கு இன்னொருவன் தினமும் தேவைப்பட வேண்டும். செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அணியிலும் அஞ்சல் ஓட்டத்திலும் அது தானாக நடக்கிறது. வகுப்பறையில் ஆசிரியர்தான் நடத்த வேண்டும்.

பலர் என்னோடு மாறுபடும் இடம் ஒன்று உண்டு. ஒற்றுமை வேண்டுமென்றால் தமிழ் வகுப்பு எதற்கு, பிள்ளைகள் தனியாகப் போய்விடுகிறார்களே என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது நேர்மாறு. தமிழ் கால அட்டவணைக்குள் இருந்தால் பிள்ளை மற்ற நேரம் எல்லாரோடும் இருக்கும். பள்ளி முடிந்த பிறகு என்று தள்ளிவிட்டால் அது கால்பந்தையும் சீருடை இயக்கத்தையும் விட்டுவிட்டுத் தமிழுக்கு வர வேண்டும், அல்லது தமிழை விட வேண்டும். வேற்று இன நண்பர்கள் கிடைக்கும் நேரமும் அதுதானே? தன் மொழிக்குப் பள்ளியில் இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளை ஒடுங்கி நிற்பதில்லை. 1996 கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், நடைமுறைக்கு ஒத்துவரும் இடத்தில் தேசியப் பள்ளி தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்கவே ஆள் இல்லாமல் நின்றுபோன வகுப்புகள் உண்டு.

அப்புறம், பொந்தெங் போடும், அதாவது பள்ளிக்கு மட்டம் போடும் பையன்கள். எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் பள்ளியையும் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் அடுக்குமாடி வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டிய மலாய்க் கட்டொழுங்கு ஆசிரியரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தான், அம்மாவுக்கு இரவு ஷிப்ட். அந்த ஆசிரியரைப் போன்ற ஒருவர் இருக்கும் பள்ளியில் என் பேரப்பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பேன்.

ஆகவே பள்ளி தேடும் பெற்றோரே, ஏக்களின் எண்ணிக்கையைக் கேட்டது போதும். பிள்ளையைப் பதியப் போகும்போது தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: முதலாம் படிவத்தில் வகுப்பை எப்படிப் பிரிக்கிறீர்கள்? கடைசி வகுப்புக்கு மலாயும் வரலாறும் யார் எடுக்கிறார்? மாணவர் தலைவர்களில் அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது உண்டா? தமிழ் எந்த நேரத்தில்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதையே கேளுங்கள், பக்கத்து மலாய், சீனப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு. கடைசி வகுப்பில் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தமிழ் வகுப்புக்குக் கையெழுத்து சேர்க்க வேண்டும் என்றால் இங்கேயே எழுதுங்கள், விண்ணப்பக் கடிதத்தை மலாயில் நான் எழுதித் தருகிறேன்.