ரப்பர் பாலை மறந்துவிட்டீர்களே
அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்யும் நடுநிலையாக்கலைப் பற்றிய இந்தக் கட்டுரை, அதன் பயன் என்று வயிற்றெரிச்சல் மாத்திரையையும் பற்பசையையும் மட்டும் சொல்லி முடித்துவிட்டது. இப்போது மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் அடுக்குமாடியில் இருந்தாலும் நான் பிறந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில். மரத்திலிருந்து இறங்கிய பாலை அப்படியே விட்டால், நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலத்தால் சில மணி நேரத்தில் அது தானாகவே உறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அம்மோனியா. அது காரம் என்பதால் அந்த அமிலத்தைச் சமன் செய்துவிடும். அப்புறம் பாலை ரப்பர் தகடாக்கும்போது, அதாவது ஷீட் போடும்போது, நேர் எதிர் வேலை, ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். அம்மோனியா கூடிப்போன பாலுக்கு அமிலமும் கூடுதலாக வேண்டும். அப்பா இதை மூக்காலேயே கண்டுபிடிப்பார்! மேலே கருத்து எழுதிய ஒருவர், தோலில் அமிலம் தெறித்தால் உடனே சோடா மாவு பூசச் சொல்கிறார். வேண்டாம், நடுநிலையாகும்போது சூடு பிறக்கும். குழாயடியில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்.