ஏக்கர் கணக்குக்கு முன் உழைப்புக் கணக்கு

பண்ணையை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் பேச்சு எழுந்தாலே, உயில் எழுதுவதா, தானப் பத்திரம் போடுவதா, வரி எவ்வளவு வரும், நல்ல வழக்கறிஞர் யார் என்றுதான் பலரும் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். தேவையான கேள்விகள்தாம். ஆனால் நான் அருகிலிருந்து பார்த்த குடும்பங்களில் உடன்பிறந்தவர்களிடையே பேச்சுவார்த்தை நின்றுபோனதற்கு ஏக்கர் கணக்கு முதற்காரணமாக இருந்ததில்லை. வீட்டோடு தங்கிவிட்ட ஒரு பிள்ளையின் உழைப்பை யாரும் கணக்கில் எழுதாமல் விட்டதும், பெரியவர் என்றோ அரைகுறையாகச் சொன்ன ஒரு வார்த்தையை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டதுமே காரணம்.

இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு, அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை சென்ற ஒரு வழக்கு இதற்கு நல்ல சான்று. சாமர்செட் பகுதியில் பண்ணை வைத்திருந்த ஒருவரிடம், உறவுக்காரரின் மகன் ஏறத்தாழ 30 ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் வேலை செய்தார். இருவருமே அதிகம் பேசாதவர்கள். ‘பண்ணை உனக்குத்தான்’ என்று பெரியவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. 1990இல் தமது ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் போனஸ் விவரம் அடங்கிய ஒரு தாளை அவர் கையில் கொடுத்து, தாம் இறந்த பிறகு கட்ட வேண்டிய வரிக்கு இது என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு தாளை நம்பி அந்த மனிதர் தொடர்ந்து உழைத்தார். இடையில் எழுதிய உயிலை, அதில் பெயர் இருந்த வேறொருவர் மீது ஏற்பட்ட மனத்தாங்கலால் பெரியவர் அழித்துவிட்டார். புதிதாக ஒன்று எழுதாமலேயே 2005இல் இறந்தும் போனார். உழைத்தவருக்குப் பண்ணை கிடைத்தது உண்மைதான், ஆனால் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை ஏறிய பிறகு. 2022இல் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த இன்னொரு வழக்கோ, பள்ளியை விட்டதும் பெற்றோரின் பண்ணைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் குறைந்த கூலிக்கு உழைத்த மகன், பெற்றோரோடு முறிவு ஏற்பட்டு, உயிலிலிருந்தும் குடியிருந்த வீட்டிலிருந்தும் விலக்கப்பட்ட கதை. உயிரோடிருக்கும் தாய் தந்தையை மகன் எதிர்மனுதாரராக நிறுத்தும் நிலைக்கு ஒரு குடும்பம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை.

இத்தகைய உழைப்பைச் சட்டமே கணக்கில் எடுத்துக்கொள்ளும் நாடும் உண்டு. பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை சம்பளமோ லாபப் பங்கோ பெறாமல் பெற்றோரின் பண்ணையில் நேரடியாக உழைத்திருந்தால், அதைத் தள்ளிவைக்கப்பட்ட ஊதியமாகக் கருதும் ஏற்பாடு பிரான்சில் 1939 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 2,080 மணி நேரத்துக்கான குறைந்தபட்ச ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று கணக்கிட்டு, அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்கு உரியதை, பெற்றோர் இறந்த பின் சொத்திலிருந்து அந்தப் பிள்ளை கோரலாம். தொகை பெரிதா சிறிதா என்பதை விட, பங்கு பிரிக்கும் பேச்சுக்கு முன்னால் ‘இவ்வளவு உழைப்பு இவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்’ என்று ஓர் எண் எழுதப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டம் கேட்காத ஊரிலும் ஒரு குடும்பம் தானாகவே ஒரு நோட்டில் இதை எழுதிவைக்கலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிக்கொள்ளும் நாம், மாட்டுத் தீவனத்துக்குக் கணக்கு வைக்கிறோம். மகனின், மகளின் உழைப்புக்குக் கணக்கு வைப்பதை மட்டும் பாசத்துக்கு இழுக்கு என்று நினைக்கிறோம்.

வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைப் பேராசைக்காரர்கள் என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களுக்கும் அது பிறந்த மண். பங்கு கேட்பது சட்டப்படியும் நியாயப்படியும் தவறில்லை. பெண்பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பதால் அவர்களுக்கு வேண்டாம் என்று பொருள் கொள்வதும் வசதியான கற்பனைதான். சிக்கல் எங்கே என்றால், நிலத்தின் சந்தை விலைக்கும் அதில் பயிர்செய்து கிடைக்கும் வருமானத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டதில் இருக்கிறது. சந்தை விலைப்படி மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுத்துவிட்டு விவசாயம் செய்யச் சொன்னால், உழுகிறவர் ஆயுள் முழுதும் வட்டி கட்டியே முடிந்துபோவார். வருமானத்தை வைத்து மதிப்பிட்டுக் குறைந்த தொகையைக் கொடுத்துவிட்டு, சில ஆண்டுகளில் அவரே நல்ல விலைக்கு நிலத்தை விற்றுவிட்டால், விட்டுக்கொடுத்தவர்கள் ஏமாந்தவர்களாகிறார்கள். ஆகவே பயிர்செய்யும் வரை குறைந்த மதிப்பு, குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றால் கிடைக்கும் லாபத்தில் அனைவருக்கும் பங்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் நான் அறிந்தவற்றில் மனக்கசப்பு குறைந்த வழி. எல்லாருக்கும் ஒரே அளவு கிடைப்பதும் எல்லாருக்கும் நியாயம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை, கடன் பாக்கியும் வரவு செலவும் மேசையில் இருக்கும்போதுதான் மனிதர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

பெரியவரின் பக்கம் இதைவிடக் கடினமானது. நாற்பது ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பாய்ச்சியவரிடம் ‘இனி நீங்கள் ஓய்வெடுங்கள்’ என்று சொல்வது மகனுக்கு அன்பாகத் தோன்றலாம். அவர் காதில் அது ‘இனி நீங்கள் தேவையில்லை’ என்று விழுகிறது. அதோடு, கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக்கு மருந்துச் செலவுக்கு யாரிடம் கை நீட்டுவது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயம் வீண் என்று சொல்ல முடியாது. இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர் அப்படிச் செய்யாவிட்டால், அந்தக் கைமாற்றத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்க இடம் தருகிறது. இப்படி ஒரு பிரிவைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்ததே பயத்தின் நியாயத்துக்குச் சாட்சி. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பிள்ளைகள் அதை அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் முதற்கூட்டத்திலேயே மூத்த மகள், யாருக்கு எவ்வளவு என்ற பேச்சை எடுக்காமல், “அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் மாதம் எவ்வளவு இருந்தால் யாரையும் கேட்காமல் இருக்க முடியும்?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. அவரிடம் அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. தொகை முடிவானதும், வீட்டில் ஆயுள் முழுதும் குடியிருக்கும் உரிமை எழுத்தில் வந்ததும், மீதியைப் பேசுவதற்கு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. அதே வீட்டில் மகனின் குறையோ வேறு: நாற்பத்தைந்து வயதில் டீசலுக்குப் பணம் வாங்க அப்பாவின் அறை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை விட அதுதான் அவரை அரித்தது. உரிமை மாறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே காசோலைப் புத்தகமும், என்ன பயிர் வைப்பது என்ற முடிவும், தவறு செய்யும் சுதந்திரமும் மாற வேண்டும். ஒரு வயலில் தொடங்கினாலும் போதும்.

மருமகளும் மருமகனும் இந்தப் பேச்சில் இருக்க வேண்டுமா என்பது எப்போதும் எழும் கேள்வி. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பண்ணை வீட்டில் வந்து இருபது ஆண்டுகள் பால் கறந்த பெண்ணை, சமையலறையில் உட்கார வைத்துவிட்டுக் கூடத்தில் எடுக்கும் முடிவு, அன்றிரவே படுக்கையறையில் மறுபடி விவாதத்துக்கு வந்துவிடும்.

அலுவலகத்தில் சண்டை என்றால் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். பண்ணையில் வேலையிடமும் வீடும் ஒன்று. காலையில் முகம் கொடுத்துப் பேசாத அண்ணனோடுதான் மதியம் டிராக்டரைப் பழுதுபார்க்க வேண்டும். ஆகவே உறக்கமின்மையும் எரிச்சலும் குடியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கவனம் சிதறி இயந்திரத்தில் கையைச் சிக்கவைத்துக்கொள்பவர்களும் உண்டு. இவற்றை ‘வேலைப் பளு’ என்று தள்ளாமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பேச்சை அறுவடை நேரத்திலோ துக்க வீட்டிலோ எடுக்காமல் இருப்பதும், முதற்கூட்டத்தில் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்வதும், இரு தரப்பும் மதிக்கும் வெளியாள் ஒருவரை உட்கார வைப்பதும் பாதிச் சூட்டைத் தணிக்கும்.

எந்தப் பிள்ளைக்குமே விவசாயத்தில் விருப்பமில்லாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே விற்பது அல்லது குத்தகைக்கு விடுவது என்ற பேச்சைப் பெரியவரே முதலில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதே வார்த்தை பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் துரோகமாகக் கேட்கும். அவர் சொன்னால், பல ஆண்டுகளாகச் சொல்லத் தயங்கியவர்களும் தங்கள் மனதில் இருப்பதை அன்றே சொல்லிவிடுவார்கள்.