ஹன்லிக்குள் உட்கார்ந்திருந்த எட்டுப் பேர்

நீர்மூழ்கி வரலாறு என்று எதைப் படித்தாலும் ஒரு வரி வந்துவிடும்: 1864இல் எதிரிப் போர்க்கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி ஹன்லி. உண்மைதான். ஆனால் அதை வெற்றி என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போவது எனக்கு ஒப்பவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக் கடற்படை சார்ல்ஸ்டன் துறைமுகத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதை உடைக்கத் தெற்கத்தியர் கொண்டுவந்ததுதான் இது. 12 மீட்டர் நீள இரும்புக் கூடு, உள்ளே உயரம் சுமார் 1.2 மீட்டர், நிமிரவே முடியாது. எஞ்சின் கிடையாது. ஏழு பேர் ஒரே பெஞ்சில் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்து ஒரு நீளத் தண்டைக் கையால் சுற்றச் சுற்ற, பின்னால் விசிறி சுழலும். எட்டாவது ஆள் முன்னால் இருந்து ஓட்டுவார். வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவத்தி, காற்று குறைந்தால் அதுவும் அணைந்துவிடும்.

1863 ஆகஸ்டில் மூழ்கி 5 பேர் இறந்தார்கள். அக்டோபர் 15இல் மறுபடி மூழ்கி 8 பேர், படகுக்குத் தன் பெயரைக் கொடுத்த ஹோரஸ் ஹன்லியும் அதில் ஒருவர். இரண்டு முறையும் மேலே தூக்கி, உடல்களை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். அப்புறம் அதே பெஞ்சில் மூன்றாவது குழு வந்து உட்கார்ந்தது, அதுவும் தாங்களாகவே முன்வந்து. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இந்த இடத்தைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

1864 பிப்ரவரி 17 இரவு, முன்னால் நீட்டிய கம்பின் நுனியில் 60 கிலோ வெடிமருந்தோடு போய் வடக்குக் கடற்படையின் ஹவுஸடானிக் கப்பலை இடித்தார்கள். கப்பல் சில நிமிடங்களில் அடியில் உட்கார்ந்துவிட்டது. ஆழம் குறைவு என்பதால் அதிலிருந்த பெரும்பாலோர் பாய்மரக் கயிறுகளில் ஏறிப் பிழைத்தார்கள், இறந்தது 5 பேர். ஹன்லியும் உள்ளே இருந்த எட்டுப் பேரும் கரை திரும்பவே இல்லை.

தெற்கு, அடிமை முறையைக் காப்பாற்ற நின்ற தரப்பு, அதை மறைத்துவிட்டு வீரக்கதை சொல்லக் கூடாது. ஆனால் தன் ஆட்கள் 21 பேரைக் கொன்று எதிரியில் 5 பேரைக் கொன்ற ஒன்றை வெறுமனே வெற்றி என்றும் சொல்லக் கூடாது. அடுத்து ஒரு நீர்மூழ்கி போர்க்கப்பலை மூழ்கடிக்க 1914 வரை ஆனது. 1864 என்று எழுதுகிற இடத்தில் அந்த 21ஐயும் எழுதுங்கள்.

2000 ஆகஸ்ட் 8இல் ஹன்லியைத் தூக்கி, உள்ளே நிறைந்திருந்த சேற்றை அள்ளிப் பார்த்தபோது எலும்புகள் அவரவர் இடத்திலேயே கிடந்தன. மூடியை நோக்கி முண்டியடித்த அடையாளம் இல்லை. மூன்றாவது குழுவின் தளபதி டிக்ஸனோடு ஒரு தங்கக் காசு, அதே உள்நாட்டுப் போரில் ஷைலோவில் நடந்த சண்டையில் குண்டு பட்டு வளைந்தது. 'என் உயிர் காத்தது' என்று அதில் பொறித்து வைத்திருந்தார்.