வேலையை விட்டபின் கட்டிப்போட முடியாது
"பணியிலிருந்து விலகி 2 ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனம் எதிலும் சேரக் கூடாது." கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று இந்த ஒரு வரிக்குப் பயந்து நல்ல வாய்ப்பைக் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அந்தப் பயம் வேண்டியதில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. அந்தப் பிரிவு தரும் விதிவிலக்கு, வியாபாரத்தை அதன் குட்வில்லோடு (அதாவது சம்பாதித்த நற்பெயரோடு) விற்றவருக்கு மட்டும். மாதச் சம்பளக்காரர் அதில் வரமாட்டார். "ஆறு மாசம்தானே, நியாயமான தடைதானே" என்பதும் எடுபடாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட பெர்செப்ட் டி'மார்க் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் தடை செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேலையில் இருக்கும் காலம் வேறு கணக்கு. 5 ஆண்டு ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுப் போட்டி ஆலைக்குப் போன கோலிகரி என்ற ஊழியருக்கு விதித்த தடையை 1967இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நோட்டீஸ் பீரியடும் வேலைக்காலம்தான். அப்போதே அடுத்த கம்பெனிக்கு வேலை பார்க்காதீர்கள்.

இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தரும் பாண்டையும் இதோடு குழப்பக் கூடாது. 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை, பிரிவு 27க்கு முரணானதல்ல என்று 2025இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்காக எழுதிய தொகை முழுவதும் தானாகக் கம்பெனியின் கைக்கு வந்துவிடாது. அதே சட்டத்தின் பிரிவு 74படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் பார்க்கும். பயிற்சியே தராத கம்பெனி பயிற்சிச் செலவு கேட்டால், கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.

உண்மையில் ஆட்களை மாட்டிவிடுவது, கம்பெனியின் ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற ரகசியக் காப்பு நிபந்தனை. அது விலகிய பிறகும் உயிரோடு இருக்கும். கடைசி வாரத்தில் கஸ்டமர் பட்டியலையோ விலை விவரத்தையோ சொந்த மெயிலுக்கு அனுப்பினால் சர்வர் லாகில் தேதி, நேரத்தோடு பதிவாகும். தடையுத்தரவு கேட்க கம்பெனிக்கு அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. தலையில் இருக்கும் தொழில் அனுபவம் உங்களுடையது, ஃபைல் உங்களுடையதல்ல. பழைய கஸ்டமர்களை நீங்களே கூப்பிட்டு இழுப்பதும் வழக்கில் கொண்டுபோய் விடலாம்.

செல்லாது என்று தெரிந்தே கம்பெனிகள் இந்த வரியை மிரட்டலுக்காக எழுதுவது அநியாயம். பெரும்பாலும் வழக்கு வருவதில்லை. ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைப்பார்கள், புது கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். அதனால் ராஜினாமாவை மெயிலில் கொடுங்கள். லேப்டாப்பைத் திருப்பியதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். புது முதலாளியிடம் பழைய நிபந்தனையை முன்பே சொல்லிவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் சும்மா விடாமல் உங்கள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். ஃபைனல் செட்டில்மென்ட் அன்று புதிதாக ஏதாவது உறுதிமொழியை நீட்டினால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.