கூண்டு மட்டும் போதாது, போனும் வேண்டும்

இங்கிலாந்து கிராமங்களில் நிற்கும் சிவப்பு டெலிபோன் பூத்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் கை தூக்குவேன். ஆனால் இப்போது காப்பாற்றும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. கூண்டை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் போனைத் தொலைபேசி நிறுவனத்தார் கழற்றிக்கொண்டு போகிறார்கள்.

படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கே6 வகை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935-இல் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. வார்ப்பிரும்பு உடல், தேக்குக் கதவு, மேலே சின்னக் குவிமாடம். அவருடைய முந்தைய கே2 பெரும்பாலும் லண்டனோடு நின்றுவிட்டது. குக்கிராமம் வரை போய்ச் சேர்ந்தது இதுதான். அப்போது பல ஊர்களில் இந்தச் சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, இயற்கை அழகுள்ள சில இடங்களில் சாம்பல் நிறம் பூச அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அதே கிராமங்கள்தான் "எங்கள் பூத்தை எடுக்காதே" என்று நிற்கின்றன. எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்.

1986 முதல் இவை பாரம்பரியப் பட்டியலில் சேரத் தொடங்கின. பட்டியலில் உள்ள பூத்தை அனுமதி இல்லாமல் அகற்றவோ உருமாற்றவோ முடியாது. சரி, ஆனால் அந்தக் காவல் இரும்புக்கும் கண்ணாடிக்கும்தான். போன் வேலை செய்ய வேண்டுமா என்பது ஆஃப்காம் என்ற தொலைத்தொடர்பு ஆணையத்தின் தனி விதி. நான்கு மொபைல் நிறுவனங்களில் ஒன்றின் சிக்னலாவது கிடைக்காத இடம், விபத்தோ தற்கொலையோ அதிகம் நடக்கும் இடம், 12 மாதங்களில் 52 அழைப்புகளாவது போன இடம், இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் போனை எடுக்கக்கூடாது என்று 2022-இல் வரையறுத்தார்கள். இந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

ஒரு பவுண்டுக்கு பூத்தை ஊராட்சியே வாங்கிக்கொள்ளும் திட்டம் 2008 முதல் இருக்கிறது. அப்படி வாங்கியவற்றில் புத்தகம் அடுக்குகிறார்கள், மாரடைப்பு வந்தவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைக்கிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஷாரிங்டன் கிராமத்தார் 2025-இல் கேட்டது அலமாரி அல்ல. சிக்னல் சரியில்லாத ஊர் அது. அந்த 52 அழைப்புக் கணக்கை எட்ட, வரிசையில் நின்று அந்த பூத்திலிருந்து போன் செய்து, இணைப்பைத் துண்டிக்காமல் காப்பாற்றினார்கள்.

ஊர் முழுக்க வரிசையில் நின்றால்தான் நடக்கும் என்பது நியாயமா? பூத் பட்டியலில் இருந்து, ஊரில் சிக்னலும் மோசம் என்றால், போனுக்கும் தானாகவே பாதுகாப்பு வர வேண்டும். கூடவே அந்த பூத்துக்குள் கரண்ட் போனாலும் போன் இயங்க ஒரு பேட்டரியும் வேண்டும். பழைய செம்புக் கம்பி இணைப்புகளை நிறுத்தி எல்லாவற்றையும் இணையவழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் புயலில் கரண்ட் போனால் வீட்டு போனும் சேர்ந்து போய்விடும். அந்த ராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட அந்த ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்?